மாடுகளின் பொறுப்புக்கூறல்

இந்த நாட்டில் தலைவர்கள் ஏராளம், தலைமைத்துவம்தான் கிடையாது. அந்தக் குறை கட்டைபறிச்சான் ஊரைப் பொறுத்தவரை இன்றோடு தீர்ந்தது என்று ஜெயந்தன் பால் சேகரிக்கும் நிலையத்தின் படியில் ஏறி நின்று அறிவித்தான். பகிடிக்குச் சொல்லவில்லை. காலைப் பாலை ஊற்றிவிட்டு வெறும் கேனோடு நின்றவர்களும், ஊற்றுவதற்கு வரிசையில் நின்றவர்களும், பால்மானியைப் பாலுக்குள் விட்டு அது ஆடி ஓயும்வரை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்த நிலையத்துப் பெண் லதுஷாவும் அதைக் கேட்டார்கள். சிந்திய பாலை நக்க வந்த நாயும் கேட்டது. நாய் மட்டும்தான் தலையை நிமிர்த்திப் பார்த்தது.

அவன் அப்படிப் பேசியதற்குக் காரணம் மூன்று நாள் பயிற்சி. திருகோணமலையில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில், மாட்டை வாழ்நாளில் பாலாக மட்டுமே கண்டிருந்த ஒரு வளவாளர் கொழும்பிலிருந்து வந்து, கிராமியத் தலைமைத்துவமும் கால்நடைத் துறையும் என்ற விடயத்தைப் படிப்பித்தார். பால் உற்பத்தியாளர் சங்கத்திலிருந்து இளைஞர் ஒருவரை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தபோது சங்கத்தில் கொலர் வைத்த சேட்டும் காலையில் வேலையில்லாத கையும் ஒருங்கே கொண்டிருந்தவன் ஜெயந்தன் ஒருவன்தான். வீட்டு மாடுகளைக் கறப்பது அவனுடைய அம்மா மாகிரட். ஹோட்டலில் அவர்களைக் குழுக்களாகப் பிரித்து, குளிர்பானம் உறிஞ்சும் குழாய்களால் கோபுரம் கட்டச் சொன்னார்கள். ஜெயந்தனின் குழு கட்டியதுதான் எல்லாவற்றிலும் உயரம். யாரோ கதவைத் திறந்த காற்றுக்கு அது விழுந்துபோனதை அவன் ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அங்கிருந்து அவன் ஒரு சான்றிதழும் ஒரு சொல்லும் கொண்டுவந்தான். சொல், பொறுப்புக்கூறல். 'பிழை செய்தவரின் பெயர் தெரியாத இடத்தில் தலைமைத்துவம் வளராது' என்று திரையில் வந்த வசனத்தைப் போனில் படம் பிடித்தும் வைத்திருந்தான். பெரிய பெரிய இடங்களில் இத்தனை வருடமாகக் கேட்டும் கிடைக்காத அந்தச் சாமானை மாடுகளிலிருந்து தொடங்கினால் எப்படியும் பெற்றுவிடலாம் என்ற எண்ணம் மூதூர் பஸ்ஸில் யன்னலோரமாக இருந்து வரும்போது அவனுக்கு உதித்தது. பஸ் இறங்கும்போது அது கொள்கையாகிவிட்டிருந்தது.

சங்கத்துக்கு அதுவரை தலைவராக இருந்தவர் பஸ்தியாம்பிள்ளை. அவருடைய தலைமைத்துவத்தை விளங்கிக்கொள்ள வயல்வெளியை விளங்கிக்கொள்ள வேண்டும். கட்டைபறிச்சான் ஆட்களிடம் மாடு இருந்தது. தோப்பூர் ஆட்களிடம் வயல் இருந்தது. மாரிமழையோடு விதைத்தால் தை மாதம் முடிய வெட்டும்வரை நெல் வேளாண்மை நிற்கும். அதுவரை மாடுகளைக் காட்டோரம் சாய்த்துக் காவல் பார்க்க வேண்டும். வெட்டு முடிந்தால் அந்த வயல்களில் அடுத்த மாரிவரை பயிர் இல்லை. குளத்துத் தண்ணீர் அந்த வயற்கண்டத்துக்கு எட்டாது. அடிக்கட்டையையும் சிந்திக் கிடக்கிற வைக்கோலையும் மாடுகள் மேயும், வயலுக்கு எரு விழும். இரண்டு பக்கமும் எழுதிக் கொடுக்காத உடன்பாடு. ஆனால் பச்சையைக் கண்ட மாட்டுக்கு உடன்பாடு தெரியாது. மார்கழியிலும் தையிலும் ஏதாவதொன்று எப்படியாவது வேலியைத் தாண்டி உள்ளே இறங்கிவிடும்.

செய்தி வந்ததும் பஸ்தியாம்பிள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டு புறப்படுவார். ஏறி ஓட மாட்டார், உருட்டிக்கொண்டுதான் போவார். வயல்காரருடைய வேலிக் கடப்படியில் நின்று, தோளில் கிடக்கும் துவாயை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த ஆள் வாயைத் திறக்குமுன்னமே "எங்கட பிழைதான் காக்கா, எங்கட மாடுதான்" என்பார். காக்கா என்றால் தோப்பூரில் அண்ணன். எந்த மாடு, யாருடைய மாடு என்ற பேச்சு வராது. வயல்காரர் ஏசுவார். ஏசிக் களைத்ததும் பால் விடாத பிளேன்ரீ வரும். குடித்துவிட்டு, மாட்டைப் பிடித்துக்கொண்டு, நாலு வீட்டுப் புதினமும் கேட்டறிந்து ஊர் திரும்புவார். அழிந்ததற்கு ஈடாகச் சங்கம் பொதுவில் ஒரு லோட் எருவோ, அந்த வீட்டுக் கலியாணத்துக்குத் தயிரோ அனுப்பிவைக்கும். மாடுகளுக்கு ஒருகாலத்தில் தோலில் சுட்ட குறி இருந்தது. சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்த வருடம் அவிழ்த்துவிட்டுப் போனவை காட்டில் கலந்து, பிடிபட்டு, விலைப்பட்டுத் திரும்பி வந்தபோது ஒரே தோலில் மூன்று குடும்பத்தின் குறி இருந்தது. பிறகு உதவி நிறுவனங்கள் கொடுத்த மாடுகளுக்குக் குறியே இல்லை. ஆகவே மாடு என்றால் சங்கத்து மாடு, பிழை என்றால் தலைவருடைய பிழை என்றாகி, அப்படியே நடந்துகொண்டிருந்தது.

வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஜெயந்தன் இதை நடித்துக் காட்டினான். யாரோ ஒருவரின் துவாயை வாங்கிக் கக்கத்தில் வைத்து, இல்லாத சைக்கிளை மண்டபத்தின் நடுவால் உருட்டிக்கொண்டு போய், லதுஷா இருந்த கதிரைக்கு முன்னால் முதுகை வளைத்து, "எங்கட பிழைதான் காக்கா" என்றான். மண்டபம் சிரித்து அடங்க நேரமெடுத்தது. "மன்னிப்புக் கேக்கிறது ஒரு உத்தியோகமா? இதுக்கு ஒரு தலைவர் தேவையா? ரெக்கோட் பண்ணி ஆளாளுக்கு ஒவ்வொரு கடப்படியிலயும் வைச்சுவிட்டா, பட்டனை அமத்த அதுவே கேட்டுப்போட்டு வரும்" என்றான். எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தவர் பஸ்தியாம்பிள்ளைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இனி நீ எடு ராசா" என்றார். வேறு ஒருவரும் கையுயர்த்தவில்லை. தலைவர் பதவி என்றால் கட்டைபறிச்சானில் ஆட்கள் கையை மடிக்குள் வைத்துக்கொள்வார்கள்.

இலக்கத் தகடு வந்தது. மிருக வைத்தியர் அலுவலகத்தோடு கதைத்து, மஞ்சள் பிளாஸ்டிக்கில் பெரிய எழுத்தில் நம்பர் அடித்த தகடுகளை எடுத்து, ஒரு சனிக்கிழமை முழுக்க நின்று எல்லா மாட்டுக்கும் காதில் குத்தினார்கள். ஊர் அதற்குத் தோடு என்று பெயர் வைத்தது. பெண்கள் பலகாரம் கொண்டுவந்தார்கள். "காதுகுத்துக் கலியாணத்துக்கு மாமன்மார் ஒருத்தரையும் காணேல்லை" என்றார் ஒருவர். மாகிரட் தன்னுடைய மாடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, "பெத்தவளுக்கு ஒரு சோடித் தோடு வாங்கித் தர வக்கில்லை, மாட்டுக்குப் போடுறார் மகாராசா" என்றாள். நம்பர்களையும் உரிமையாளர் பெயர்களையும் லதுஷா போனில் ஏற்றினாள். ஜெயந்தன் ஒரு வட்ஸ்அப் குறூப் தொடங்கி, சங்கத்து ஆட்களோடு தோப்பூர் வயல்காரர்களையும் அதற்குள் சேர்த்தான். குறூப்புக்குப் பெயர், பொறுப்புக்கூறல். முதல் படமாக அவன் தகடு குத்தும் கருவியோடு நிற்கும் படம் போடப்பட்டது. அதில் மாடு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

மார்கழியில் முதல் மாடு வயலுக்குள் விழுந்தது. இக்ராமுடைய வயல். இக்ராம் தோப்பூரில் இளம் வயல்காரன், புதுப் போன்காரன். மாட்டின் காதைக் கிட்டவாக எடுத்த படம் சூரியன் எழும்புமுன் குறூப்பில் விழுந்தது. நம்பர் துலக்கமாக இருந்தது. சங்கத்துக் கனகரத்தினத்தின் மாடு. ஜெயந்தனுக்குப் பரீட்சையில் பாஸான மறுமொழி பார்த்தது போல இருந்தது. 'உரியவர் உரிய நடவடிக்கையை எடுப்பாராக' என்று பல் துலக்கிக்கொண்டே எழுதினான்.

கனகரத்தினம் எழுதும் ஆள் இல்லை, பேசும் ஆள். அவருடைய குரல் பதிவைச் சங்கத்து வீடுகள் அனைத்திலும் பாடசாலைக்குப் போகப் புறப்பட்ட பிள்ளைகள் வரை கேட்டார்கள். "நம்பர் என்ரதான், ஓம். வேலி ஆருட? ஓட்டை வேலியைக் கட்டி வைச்சிட்டு என்ர மாட்டைப் படம் எடுக்கிறியோ? உன்ர கொப்பர் காலத்தில இப்பிடி ஒரு படம் எடுத்தவரோ?" இக்ராம் பதில் போட்டான். அவனுடைய மச்சான் பதில் போட்டான். மத்தியானத்துக்குள் ஒரு மாடு தின்ற நாலு பிடி வேளாண்மை நாற்பது குரல் பதிவாக வளர்ந்திருந்தது.

அடுத்தடுத்து வந்தவையும் அப்படித்தான். முன்பெல்லாம் 'மாடு விழுந்திட்டுது' என்பதுதான் செய்தி. இப்போது இன்னாருடைய மாடு இன்னாருடைய வயலில் விழுந்தது. மாட்டுக்குப் பெயர் வந்தது. பெயருக்குப் பின்னால் ஊர் வந்தது. ஊருக்குப் பின்னால், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே, கோயிலும் பள்ளிவாசலும் வந்து நின்றன. ஜெயந்தன் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. முன்பு வேளாண்மைக்குள் மாடு என்று கேட்டால் கிட்ட நிற்கிறவர் எவரோ அவர் ஓடிப்போய்த் துரத்துவார். இப்போது கிட்ட நிற்கிறவர் முதலில் காதைப் பார்த்தார். தன்னுடைய நம்பர் இல்லையென்றால் நிம்மதியாக மூச்சுவிட்டுக்கொண்டு போனார். அல்லது போனை எடுத்துப் படம் பிடித்தார். படம் வடிவாக விழும்வரை மாடு தின்றுகொண்டு நின்றது.

தைப்பொங்கல் முடிந்த கிழமை கனகரத்தினத்தின் பசு காது கிழிந்து நின்றது. தோப்பூரார் வெட்டிவிட்டார்கள் என்று ஊர் கொதித்தது. ஜெயந்தன் போய்ப் பார்த்தபோது காதில் புழு வைத்திருந்தது. பசு தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றது. கனகரத்தினம் வேப்பெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவன் கிட்டப் போனதும் நிமிராமல், மெதுவாக, "ஒருத்தரும் வெட்டேல்லை. நான்தான் தோட்டைக் கழட்டப் போனனான். குறட்டால இழுத்தது பிய்ஞ்சு போச்சு" என்றார். பிறகு, "இனி என்ர எண்டு ஆரும் சொல்லேலாதுதானே" என்றார். திரையில் வந்த வசனம் ஜெயந்தனின் போனில்தான் இருந்தது, ஆனால் போனை எடுக்கக் கை போகவில்லை. அன்று பின்னேரம் முழுக்க அந்தப் பசு தலையைச் சாய்த்துக்கொண்டு நின்ற கோணம் அவன் கண்ணிலேயே இருந்தது.

அதற்கு அடுத்த நாள் காலை ஸஹாப்தீன் காக்கா பால் நிலையத்துக்கு வந்தார். தோப்பூர் வயல்காரர்களின் சங்கத்துக்கு அவர்தான் பெரியவர்; எப்போது விதைப்பது, எப்போது வெட்டுவது, எப்போது மாடு இறங்கலாம் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரும். அவர் கட்டைபறிச்சானுக்கு வந்து ஒருவரும் கண்டதில்லை, ஏனென்றால் போகிறவர் எப்போதும் பஸ்தியாம்பிள்ளைதான். லதுஷா கதிரை எடுத்துப் போட்டாள். அவர் அதில் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னார்.

"தலைவர், இந்த முறை வெட்டு முடிய வைக்கல் கட்டுற மிசின் வரும். கட்டி வித்துருவம். வயலுக்க மாடு இறங்கேலாது. சொல்லிட்டுப் போக வந்தனான்."

வரிசையில் நின்றவர்களின் கேன் மூடிச் சத்தம் நின்றது.

"காக்கா, அப்ப பங்குனியில இருந்து மாடுகள் என்னத்தைத் தின்னும்?" என்றான் ஜெயந்தன்.

"நம்பர் போட்டிருக்கீங்கதானே. நம்பருக்கு நம்பர் நீங்களே தீன் போடுங்க."

ஜெயந்தன் பொறிமுறை என்ற சொல்லில் ஏதோ தொடங்கினான். ஸஹாப்தீன் கையைக் காட்டி நிறுத்தினார். "மாடு விழுந்ததுக்கு எனக்குக் கோபமில்ல தம்பி. மாடுதானே, அது விழும். முந்தி அந்த மனிசன் வருவார். நான் ஏசுவன். ஏசினாச் சரி, மறுகா மனசில ஒண்டும் இரிக்காது. இப்ப நான் ஆரை ஏசுற? நம்பரையா ஏசுற?" சொல்லிவிட்டு மோட்டச்சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கட்டைபறிச்சானில் பங்குனி தொடங்கினால் பற்றைக்காடு காய்ந்து முள்ளாகிவிடும். அந்த வயல்கள் இல்லாவிட்டால் வைகாசிக்குள் பால் வற்றும். பால் வற்றினால் குளிரூட்டித் தாங்கியை வைத்துப் பால் வாங்கும் கொம்பனி தன் லொறியை வேறு ஊருக்குத் திருப்பும். போன லொறியைத் திருப்பிக் கொண்டுவர எந்தத் தலைமைத்துவத்தாலும் ஆகாது. இதெல்லாம் வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் ஜெயந்தனைப் பார்க்கவில்லை. அவரவர் தங்கள் கேனுக்குள் பார்த்தார்கள். அவனுக்கு ஏச்சு வாங்கியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

அவன் ஒரு கூட்டம் வைத்தான். இரண்டு ஊருக்கும் பொதுவாக. பெரிய தாளைச் சுவரில் ஒட்டி, நாலு பெட்டி கீறி, பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நாலு நிறத்தில் எழுதினான். தோப்பூராருக்குப் போட்ட கதிரைகளில் ஒருவரும் வந்து இருக்கவில்லை. அவன் மார்க்கர் பேனை எடுக்க அலுமாரிப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து யாரோ அச்சுறுத்தல் என்ற பெட்டிக்குள் 'இக்ராம்' என்று எழுதியிருந்தார்கள். கனகரத்தினத்தின் கையில் பச்சை மை இருந்தது. லதுஷா தாளைச் சுருட்டி அவனிடம் கொடுக்கும்போது, "மற்றப் பக்கம் வெள்ளையாத்தான் அண்ணா இருக்கு, பிறகும் பாவிக்கலாம்" என்றாள்.

கடைசியில் அவன் பஸ்தியாம்பிள்ளையிடம் போனான். போவதற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த மனிதர் இவ்வளவு காலமும் மனதில் ஏதோ நுட்பம் வைத்துத்தான் அப்படிச் செய்திருப்பார், அதைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினான். பஸ்தியாம்பிள்ளை முற்றத்தில் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தார். உருட்டவில்லை, ஏறி ஓடினார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"கண் ஒப்பிரேசன் செய்தனான் தம்பி. ரெண்டு கண்ணும். வெள்ளை மூடிக் கிடந்ததாம், பத்துப் பன்னிரண்டு வருசமா. இப்ப பார், அந்தத் தென்னையில குரும்பட்டி எண்ணிச் சொல்லுவன்."

ஜெயந்தன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். எப்படி அந்த ஆட்களைச் சமாளித்தீர்கள் என்று கேட்டான். யாருடைய மாடு என்று ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று கேட்டான்.

"எப்பிடிச் சொல்லுறது? எனக்குத் தெரிஞ்சாத்தானே. எல்லாம் ஒரு சிவப்பாத் தெரியும். சில நேரம் மாடோ புத்தோ எண்டே பிடிபடாது. சைக்கிள் ஏறப் பயம். போய் நிண்டு எங்கட பிழை எண்டுட்டா வேலை முடிஞ்சுது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்கள் புதுப் பிள்ளையின் கண்கள் போலப் பளபளத்தன. "இப்ப எண்டா நான் விடமாட்டன். நம்பரைப் பாத்து, ஆளைப் பிடிச்சு, பொலிசில குடுத்திருப்பன். நீ செய்யிறதுதான் ராசா சரி. விடாதை."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க ஜெயந்தன் நடந்தே வந்தான். நுட்பம் எதுவும் இருக்கவில்லை. ஒரு மனிதருக்குக் கண் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டு ஊர்கள் அந்தத் தெரியாத கண்ணில் இத்தனை வருடம் சாய்ந்துகொண்டு இருந்திருக்கின்றன. அதை நினைக்க அவனுக்குச் சிரிப்பு வந்தது. மதகடியில் கொஞ்ச நேரம் நின்று சிரித்துப் பார்த்தான். பிறகு அது சிரிப்பாக இருக்கவில்லை. குசினி வாசலில் மாகிரட் பாற்பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். "என்னவாம் கிழவன்?" என்றாள். "நான் செய்யிறதுதான் சரியாம்" என்றான். "அப்ப துலைஞ்சுது" என்றாள் மாகிரட்.

வெட்டுக்கு நாள் குறித்திருந்த கிழமை, ஒரு காலை, ஸஹாப்தீன் காக்காவே குறூப்பில் படம் போட்டார். அவருடைய சொந்த வயல். முற்றிச் சாய்ந்த கதிருக்குள் ஒரு மாட்டின் பின்புறமும் வாலும் மட்டும் தெரிந்தன. காது தெரியவில்லை. படத்துக்குக் கீழே, 'தலைவர் வந்து நம்பரைப் பார்க்கவும்' என்று இருந்தது. அதற்கும் கீழே ஒவ்வொருவராக எழுதத் தொடங்கினார்கள். என்ரதில்லை. எங்கடது கட்டில நிக்குது. எங்கடதும் நிக்குது. என்ரதுக்கு வால் கட்டை. ஜெயந்தன் மாட்டுப்பட்டியைப் பார்த்தான். அம்மாவின் மாடுகளில் இரண்டு படுத்து அசைபோட்டன. மூன்றாவதின் கயிறு அறுந்து கிடந்தது. அறுந்தது நேற்றா இன்றா, மாடு பின்வளவில் நிற்கிறதா இல்லையா என்று அவன் போய்ப் பார்க்கவில்லை. மோட்டச்சைக்கிளை எடுத்தான்.

தோப்பூர்ப் பக்கம் வயல்வெளி தொடங்குகிற இடத்தில் எஞ்சினை நிறுத்தி இறங்கினான். பெற்றோல் மிச்சம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மிச்சத் தூரத்துக்கு அதை உருட்டிக்கொண்டுதான் போனான். வரம்பில் ஸஹாப்தீன் காக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் இக்ராம், போனைத் தயாராகப் பிடித்தபடி. கொஞ்சம் தள்ளி, வயலோரமாக இருந்த அவருடைய வீட்டு வாசலில், மனைவி சித்தி பரீதா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள். மாடு வயலின் நடுவில் நின்றது. இரவெல்லாம் வாய்க்காலில் புரண்டிருக்க வேண்டும். கொம்பிலிருந்து குளம்புவரை சேறு. மனிதர்கள் கூடியதைப் பற்றி அதற்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை.

"நம்பரைப் பாத்துச் சொல்லுங்க தலைவர், நான் குறூப்பில போடுறன்" என்றான் இக்ராம்.

ஜெயந்தன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். விளைந்த கதிரை மிதிக்காமல் நடக்கப் பார்த்தான். மாடு ஏற்கெனவே மிதித்த வழியிலேயே கால் வைத்துப் போனான். கிட்டப் போனதும் கழுத்துக் கயிற்றைப் பிடித்தான். அது மறுக்கவில்லை. காதில் தகடு இருந்தது, ஆனால் மஞ்சள் தெரியாதபடி அதிலும் சேறு அப்பியிருந்தது. கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பெருவிரலால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். கனகரத்தினத்தின் நம்பராக இருக்காது, அவருடையதற்குத் தகடே இல்லை. வேறு யாருடையதாவது இருந்தால் அந்த ஆளுக்கும் ஸஹாப்தீன் காக்காவுக்கும் இன்று தொடங்கும். அம்மாவினுடையதாக இருந்தால்? சேற்றோடு பார்க்க எல்லா மாடும் ஒரே சிவப்பாகத்தான் இருந்தது. அவன் பெருவிரலைத் தகட்டில் வைத்தான். அது ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. துடைப்பதற்காக வைத்த விரல்தான். காதோரத்தில் வழிந்திருந்த சேற்றில் கொஞ்சம் வழித்தெடுத்து, தகட்டின் மேல் இன்னொரு பூச்சாக அமத்திவிட்டு, மாட்டைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தான்.

"ஆருட மாடு?" என்றார் ஸஹாப்தீன்.

தோளில் துவாய் இல்லை. கையை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"எங்கட மாடுதான் காக்கா. எங்கட பிழைதான்."

"எங்கட எண்டா ஆருட?" என்றான் இக்ராம். "நம்பர் என்ன?"

"எங்கட" என்றான் ஜெயந்தன் மறுபடியும்.

ஸஹாப்தீன் காக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாட்டைப் பார்த்தார். பிறகு வயலைப் பார்த்தார். அதன்பிறகு ஏசத் தொடங்கினார். முதலில் மெதுவாகத்தான், பழக்கம் விட்டுப்போன ஒருவர் நீந்த இறங்குவதுபோல. போகப் போகக் கை வீசி வந்தது. மாட்டை ஏசினார். மாட்டைக் கட்டத் தெரியாத கட்டைபறிச்சானை ஏசினார். தோடு குத்துகிற தலைவரை ஏசினார், அதில் கொஞ்சம் நிறுத்தி ஏசினார். நேரத்துக்கு வராத யூரியாவையும், நேரம் தவறிப் பெய்த மழையையும், கட்டாரிலிருந்து போன் எடுக்காத மகனையும், மாடிப்படி ஏறவிடாத முழங்காலையும் ஏசினார். இக்ராம் போனை இறக்கி, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு சட்டைப் பைக்குள் போட்டான். ஜெயந்தன் தலையைக் குனிந்தபடி கேட்டான். ஏச்சு அவ்வளவு நீளமாக இருக்கும் என்றோ, அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதற்கு முழங்காலில் இவ்வளவு பலம் வேண்டியிருக்கும் என்றோ பயிற்சியில் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

ஏச்சு ஓய்ந்தது. வயலில் கொக்குகள் திரும்ப வந்து இறங்கின.

"நிண்டது காணும்" என்றார் ஸஹாப்தீன். "வந்து இரிங்க. பரீதா, தேத்தண்ணி வை."

முற்றத்தில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை கிடந்தன. மாட்டைக் கடப்படித் தூணில் கட்டிவிட்டு ஜெயந்தன் ஒன்றில் இருந்தான். ஸஹாப்தீன் காக்கா மற்றதில் இருந்து முழங்காலைத் தடவினார். வைக்கோல் கட்டும் மிசினைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. மழை இனி வராது என்றார் அவர். வராது என்றான் அவன். சித்தி பரீதா பிளேன்ரீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாட்டுக்கும் ஒரு வாளி தண்ணீர் வைத்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாடு தண்ணீரைக் குடித்துவிட்டு, மொய்த்த இலையானை விரட்டக் காதை அடித்தது. சேறு காய்ந்து வெளிறியிருந்தது. அடிக்க அடிக்கச் சிறு சிறு பொருக்காக உதிர்ந்தது. தகட்டின் ஒரு மூலையில் மஞ்சள் தெரிந்தது. அதற்குள் கறுப்பாக ஒரு இலக்கத்தின் பாதி. ஜெயந்தன் கையில் கோப்பையோடு எழும்பி, கதிரையை ஒரு முழம் இடப்பக்கம் தூக்கிப் போட்டு, காக்காவுக்கும் மாட்டுக்கும் நடுவில் இருந்து, மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தான்.